நெட் இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை

வீடியோ கால் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதே அறையில், அதே வைஃபையில், மடிக்கணினியில் ஒரு தளமும் திறக்காது. "நெட் போயிடுச்சு" என்பார் ஒருவர். "இதோ பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான். ஏற்கெனவே இணைப்பு கிடைத்துவிட்ட உரையாடலுக்கு மறுபடி பெயரைத் தேடும் வேலை இல்லை. புதிதாக ஒரு தளத்தைத் திறக்கும்போதுதான், அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று கணினி யாரையாவது கேட்டாக வேண்டும். கேட்டும் பதில் வராமல் போவதைத்தான் இன்று டீ ஆறுவதற்குள் பார்க்கப்போகிறோம். ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம், அவசரமில்லை.

இந்தக் கோளாறுக்கு நம் வீடுகளில் இரண்டே வைத்தியம். ஒன்று, ரவுட்டரை அணைத்துப் போடுவது. மற்றது, யூடியூப் பார்த்து 8.8.8.8 என்று செட்டிங்கில் போடுவது. இரண்டும் பல நேரம் பலித்துவிடும். பலித்துவிடுவதுதான் தொந்தரவு. எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது, அடுத்த வாரம் அதே கோளாறு வந்து நிற்கும். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், கணினி யாரைக் கேட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். நான் சொல்ல வந்ததே அதுதான்.

முதலில் பாதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி 'சிஎம்டி' என்று அடித்தால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் 'பிங்', ஓர் இடைவெளி, பிறகு 8.8.8.8. இது கூகுள் 2009 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பெயர் சேவையின் எண். சாதாரணமாக பிங்குக்குப் பதில் சொல்லும். 'ரிப்ளை ஃப்ரம்' என்று நான்கு வரிகள் வந்தால் உங்கள் வீட்டிலிருந்து வெளியுலகுக்கு வழி இருக்கிறது. அடுத்து எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைப் போட்டு பிங் செய்யுங்கள். 'குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்' என்று வந்தால் கோளாறு பெயரில்.

எண்ணுக்கே பதில் வரவில்லை என்றால் பெயரைத் தேடிப் பயனில்லை. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, லைன்மேன் வரட்டும். விளக்கு சரியாக இருந்தால் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்து உங்கள் கணினியின் எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்துப் பாருங்கள்.

பாதை சரி, பெயர்தான் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. இனி அந்தக் கேள்வி எப்படிப் பயணம் போகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரவுசர் தன் நினைவில் பார்க்கும். இல்லையென்றால் விண்டோஸிடம் கேட்கும். விண்டோஸ் தன்னிடம் உள்ள ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பையும் சேமிப்பையும் பார்க்கும். அங்கும் இல்லையென்றால் ரவுட்டர், அதற்கு மேலே இணைய நிறுவனத்தின் சர்வர். அந்த சர்வருக்கும் தெரியாவிட்டால்தான் உச்சியில் உள்ள மூல சர்வர்களுக்குப் போகும். அவற்றுக்கு ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்கள்தான். ஆனால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவற்றின் பிரதிகள் ஓடுகின்றன. மூல சர்வர் 'டாட் ஆர்க்'கைக் கவனிப்பவரைக் காட்டும், அவர் விக்கிப்பீடியாவின் சர்வரைக் காட்டுவார், அது எண்ணைத் தரும். பொதுவாக ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் காரியம். பதிலோடு இத்தனை விநாடிக்கு இதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கெடுவும் வரும். அதுவரை வழியில் உள்ள எல்லோரும் அதை நினைவில் வைத்திருப்பார்கள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு பழங்காலத்து ஆசாமி. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலாக இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அங்கிருந்து நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த ஒற்றைப் பட்டியல் தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் இன்றைய டிஎன்எஸ் ஏற்பாட்டை வடிவமைத்தார். ஆனாலும் அந்தப் பட்டியலின் வாரிசு உங்கள் விண்டோஸிலும் இருக்கிறது: சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி. எப்போதோ யாரோ கிராக் போட்ட சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றியிருந்தால், அந்த நிறுவனத்தின் தளங்களை 127.0.0.1-க்குத் திருப்பிவிடும் வரிகள் அதில் இருக்கலாம். அந்த எண் உங்கள் கணினியையே குறிக்கும். பிறகு காசு கொடுத்து நிஜ மென்பொருளை வாங்கினால், அதன் தளம் மட்டும் ஜென்மத்துக்கும் திறக்காது.

இப்போது யார் பதில் சொன்னார்கள் என்று பார்ப்போம். அதே கறுப்பு ஜன்னலில் 'என்எஸ்லுக்அப்' என்று இடைவெளி விடாமல் அடித்து, பிறகு தளத்தின் பெயரைப் போடுங்கள். முதல் இரண்டு வரிகளில் சர்வர், அட்ரஸ் என்று வருவது கணினி யாரைக் கேட்டது என்பதற்கான விடை. பெரும்பாலான வீடுகளில் அங்கே 192.168.1.1 போல ரவுட்டரின் எண் இருக்கும். சர்வர் என்ற இடத்தில் 'அன்நோன்' என்று வந்தால் பலர் பதறிவிடுகிறார்கள். பதற ஒன்றுமில்லை. அந்த எண்ணுக்குப் பெயர் சூட்டப்படவில்லை என்பதே அதன் பொருள். கீழே 'நான்-அத்தாரிட்டேட்டிவ் ஆன்ஸர்' என்று வருவதும் அப்படித்தான். விஷயத்தின் சொந்தக்காரரிடம் நேரில் கேட்காமல் நினைவிலிருந்து சொன்ன பதில் என்று அர்த்தம். நாள் முழுக்க நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வகைப் பதில்களே.

அடுத்து அதே கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்து அடியுங்கள். இப்போது ரவுட்டரைக் கேட்காமல் நேராக கூகுளைக் கேட்கிறீர்கள். செட்டிங் எதையும் தொடவில்லை, கேள்வியை மட்டும் வேறொருவரிடம் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

ரவுட்டரைக் கேட்டால் 'டைம்டு அவுட்', கூகுளைக் கேட்டால் பதில் வருகிறது: ரவுட்டரோ அதற்கு மேலே உள்ள நிறுவனத்தின் சர்வரோ மயங்கிக் கிடக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போடுவது நியாயமாக வேலை செய்யும் இடம் இது. இரண்டு இடத்திலும் 'நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்': அப்படி ஒரு பெயரே இல்லை, எழுத்துப் பிழையைத் தேடுங்கள். இரண்டு இடத்திலும் 'சர்வர் ஃபெயில்ட்': பெரும்பாலும் அந்தத் தளத்துக்காரரின் தலைவலி. இரண்டிலும் சரியான பதில் வருகிறது, ஆனால் பிங் செய்தால் வேறு எண்ணுக்குப் போகிறது அல்லது பெயர் தெரியவில்லை என்கிறது: கோளாறு கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஏனென்றால் என்எஸ்லுக்அப் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் விண்டோஸின் சேமிப்பையும் தாண்டி நேராக சர்வரிடம் போகும். பிங் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் மணிக்கணக்கில் முட்டிக்கொள்பவர்கள் உண்டு. 'ஐபிகான்ஃபிக்', இடைவெளி, ஒரு சாய்கோடு, அதையடுத்து 'ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்று அடித்தால் சேமிப்பு காலியாகும். பெயர் இல்லை என்ற பதிலையும் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதால், கோளாறு சரியான பின்னும் தளம் திறக்காமல் இருந்தால் இதைச் செய்துபாருங்கள்.

இனி அந்த 8.8.8.8 பழக்கத்துக்கு வருவோம். நிரந்தரமாக அதைப் போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. கிளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் 1-இல் தொடங்கிய 1.1.1.1-உம் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், முதல் இடத்தில் ரவுட்டரையும் இரண்டாம் இடத்தில் 8.8.8.8-ஐயும் போட்டுவிட்டு, 'இவருக்குத் தெரியலைன்னா அவர் சொல்லட்டும்' என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி வேலை செய்யாது. டீக்கடையில் நிற்பவரிடம் ஒரு வீட்டுக்கு வழி கேட்கிறீர்கள். காதில் விழாமல் அவர் பேசாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பீர்கள். "இந்தத் தெருவில் அப்படி யாரும் இல்லைங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் திரும்பி நடந்துவிடுவீர்கள். கணினியும் அதே வழிதான். 'இல்லை' என்பதும் ஒரு பதில். பதிலே வராதபோதுதான் இரண்டாமவருக்குப் போகும். போன பிறகு விண்டோஸ் கொஞ்ச நேரம் அவரையே பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. உங்கள் வீட்டு பிரின்டரின் பெயர் ரவுட்டருக்குத் தெரியும், கூகுளுக்கு எப்படித் தெரியும்? காலையில் வேலை செய்த பிரின்டர் மாலையில் காணாமல் போகும் மர்மத்துக்குப் பல வீடுகளில் காரணம் இதுதான்.

இன்னொரு பொறி ஐபிவி6 என்ற புதிய எண் முறை. நீங்கள் மெனக்கெட்டு 8.8.8.8 என்று போட்ட இடம் பழைய ஐபிவி4 பகுதி. ரவுட்டர் ஐபிவி6 வழியாகத் தன் சர்வரின் எண்ணை ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கணினியும் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்கும். 'எல்லாம் மாத்திட்டேன், ஒண்ணும் நடக்கல' என்பவர்கள் என்எஸ்லுக்அப்பின் இரண்டாவது வரியைப் பார்த்தால் போதும். அங்கே இரட்டைப் புள்ளிகளும் எழுத்துகளும் கலந்த நீளமான எண் இருந்தால், நீங்கள் மாற்றிய இடம் வேறு, கணினி கேட்கும் இடம் வேறு.

வெளியுலகப் பெயர்கள் ஒரு ரகம். வீட்டுக்குள் உள்ள பெயர்கள் முற்றிலும் வேறு ரகம். அங்கே ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஏற்பாடுகள் போட்டிபோட்டுக்கொண்டு ஓடுகின்றன. விண்டோஸின் பழைய நெட்பயாஸ் ஒன்று. அதில் பெயருக்குப் பதினைந்து எழுத்துதான் வரம்பு. புது விண்டோஸ் தானாகச் சூட்டும் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கும் பெயரை ஆங்கில எழுத்துகளாக எண்ணிப் பாருங்கள், கோட்டையும் சேர்த்துச் சரியாகப் பதினைந்து இருக்கும். ஆசையாக நீளமான பெயர் வைத்தால் நெட்பயாஸில் வால் வெட்டப்படும். இன்னொன்று 'டாட் லோக்கல்' என்று முடியும் பெயர்கள். ஆப்பிள் பிரபலப்படுத்திய முறை, இன்று பிரின்டர்களெல்லாம் பேசுவது. இதில் சர்வர் என்று யாரும் கிடையாது. 'இந்தப் பெயருக்கு உரியவர் யார்?' என்று வீட்டு வலைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் 224.0.0.251 என்ற எண்ணுக்குப் போகும். உரியவர் 'நான்தான்' என்பார். பழைய ஆண்ட்ராய்டு போன்களின் பிரவுசருக்கு இந்த மொழி தெரியாது. கெஸ்ட் வைஃபையில் இருப்பவரின் குரலும் மற்றவர்களுக்குக் கேட்காது, அதற்காகத்தானே கெஸ்ட் வைஃபை.

மாடி வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இரண்டு ரவுட்டர் கோளாறு. கீழே இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி. மாடியில் சிக்னல் வரவில்லை என்று கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து வந்த கேபிளை அதன் வான் துளையில் செருகியிருப்பார்கள். இப்போது வீட்டில் இரண்டு வலைகள். கீழே 192.168.1 என்று தொடங்கும் எண்கள், மேலே 192.168.0. மாடியிலிருந்து கீழே உள்ள பிரின்டரை எண்ணால் பிங் செய்தால் பதில் வரும். பெயரால் கூப்பிட்டால் வராது, ஏனென்றால் அந்தக் குரல் மாடி ரவுட்டரைத் தாண்டி இறங்காது. கீழே இருப்பவர்களுக்கு மாடிக் கணினிகள் எண்ணாலும் கிடைக்காது. கீழிறங்கும் வழி திறந்திருந்து மேலேறும் வழி அடைத்திருக்கும் இந்த விநோதத்தைக் கண்டாலே இரண்டு ரவுட்டர் என்று சொல்லிவிடலாம். தீர்வு எளிது. மாடி ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் 'ஆக்ஸஸ் பாயிண்ட் மோடு' என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டரென்றால், மோதாத ஓர் எண்ணை அதற்குக் கொடுத்து, கணினிகளுக்கு எண் வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை லான் துளைக்கு மாற்றிச் செருகுங்கள். வீடு ஒரே வலையாகிவிடும்.

விண்டோஸில் 'நெட்வொர்க்' என்ற இடத்தில் மற்ற கணினிகள் தெரியவில்லை என்பது தனிக் கதை. அந்தப் பட்டியல் எஸ்எம்பி1 என்ற பழைய முறையை நம்பி இருந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் தாக்கியது அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக ஏற்றுவதை நிறுத்திவிட்டது, பட்டியலும் மறைந்தது. இன்றைக்கும் 'எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணுங்க, வந்துடும்' என்று சொல்லித்தரும் வீடியோக்கள் இருக்கின்றன. வரும், கூடவே திருடனும் வருவான். செய்யாதீர்கள். சர்வீசஸ் பக்கத்தில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதை எல்லாக் கணினிகளிலும் ஆட்டோமேட்டிக்காக வையுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

என்னைக் கேட்டால், பிரின்டர், கேமரா ரெக்கார்டர் போன்று இடம் நகராத சாமான்களுக்கு ரவுட்டரில் நிரந்தர எண் ஒதுக்கிவிடுவேன். ரவுட்டர் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும். எண் மாறாதென்றால் பெயர் சண்டி பண்ணினாலும் வேலை நிற்காது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு பிரவுசரில் மட்டும் வீட்டுப் பெயர்கள் திறக்கவில்லையா? 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற அமைப்பைப் பாருங்கள். அது இயங்கினால் பிரவுசர் உங்கள் ரவுட்டரைக் கேட்காமல் வெளியே உள்ள சேவையைத் தனியாகக் கேட்கும். ரகசியத்துக்கு நல்லது, வீட்டுப் பெயர்களுக்கு ஆகாது. போனில் இதன் சகோதரன் 'பிரைவேட் டிஎன்எஸ்', ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது. விளம்பரம் வராமல் இருக்க என்று யாராவது அதில் ஒரு பெயரைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சேவை நின்றுபோனால் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் போன் ஊமையாகிவிடும். அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினால் உயிர் வரும். விபிஎன் போட்டிருப்பவர்கள் ஒருமுறை அதை அணைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

பதில் வராமல் போவதைவிட மோசமானது தவறான பதில் வருவது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் கணினிகளிலும் ரவுட்டர்களிலும் சர்வர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு அமைதியாக இருந்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மோசடிக்காரர்களின் சர்வரையே கேட்டுக்கொண்டிருந்தன. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆட்களைப் பிடித்தார்கள். ஆனால் அந்த சர்வர்களை அப்படியே நிறுத்தினால் அத்தனை கணினிகளும் பெயர் தெரியாமல் திண்டாடும் என்பதால், அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். உங்கள் ரவுட்டர் பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் நீங்கள் போடாத, இணைய நிறுவனமும் தராத எண் இருந்தால் சந்தேகப்படுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் கடவுச்சொல் வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறு. அது இன்னும் பெட்டியின் அடியில் ஒட்டி வந்ததாகவே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

சில நாள் தவறு உங்கள் வீட்டிலேயே இருக்காது. 2021 அக்டோபர் 4, இந்திய நேரப்படி இரவு 9 மணியைத் தாண்டியதும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையில் தவறாகப் போன ஒரு கட்டளையால், மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் உள்வலை அறுந்தது. அதன் விளைவாக அவர்களுடைய பெயர் சர்வர்களுக்குப் போகும் பாதையும் இணையத்திலிருந்து மறைந்தது. அன்றைக்கு யார் எந்த ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஒரே ஒரு நிறுவனத்தின் தளங்கள் மட்டும் திறக்காமல், ரவுட்டரும் கூகுளும் ஒரே மாதிரி 'சர்வர் ஃபெயில்ட்' என்றால் போனைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

தவறு உங்கள் இணைய நிறுவனத்தின் பக்கம் என்று தெரிந்தால் கஸ்டமர் கேருக்கு அழைத்து 'நெட் வரல' என்று மட்டும் சொல்லாதீர்கள்; ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "8.8.8.8-க்கு பிங் போகிறது, உங்கள் டிஎன்எஸ் சர்வர் டைம்அவுட் ஆகிறது, வேறு சர்வரைக் கேட்டால் பதில் வருகிறது" என்று சொல்லுங்கள். கறுப்பு ஜன்னலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.